பால் காய்ச்சிய வீட்டுக்கு வராதவர்

ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் கே. பழனி, 22 ஆண்டு ராணுவத்தில் பணியாற்றி ஒரு வீடு கட்டினார். 2020 ஜூன் தொடக்கத்தில் அந்த வீட்டில் பால் காய்ச்சினார்கள். சீன எல்லையில் பதற்றம்; அவரால் விடுப்பில் வர முடியவில்லை. ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில், துப்பாக்கிச் சத்தமே இல்லாத மோதலில், சக வீரர்களைக் காக்க நின்று உயிர் நீத்தார். அன்று மாண்ட 20 இந்திய வீரர்களில் அவரும் ஒருவர். வயது 40. மனைவி, ஒரு மகன், ஒரு மகள். 2021-ல் வீர சக்ரா விருதை மனைவி பெற்றுக்கொண்டார்.

பழனியின் வீரம் விருதோடு பதிவாகிவிட்டது. தொலைவிலிருந்தபடியே ஒரு குடும்பத்தைக் கட்டி எழுப்பினாரே, அதை எந்தப் பதக்கமும் சொல்லாது. எங்களுக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

வடசென்னையில் திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை ஆலை வாசல்களில் காவலுக்கு நிற்கும் முன்னாள் ராணுவத்தினரை நாம் தினமும் கடந்து போகிறோம். சிப்பாய்கள் பலர் நாற்பதை ஒட்டிய வயதிலேயே ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்காக மறுபடியும் சீருடை அணிகிறார்கள். பழனி உயிரோடு திரும்பியிருந்தால், அவரும் இப்படி எங்கேனும் ஒரு வாசலில் நின்றிருக்கக்கூடும்.

டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். உண்டியல் வரும்போது கை நிறையப் போடுங்கள். வாசலில் நிற்கும் அந்த ஐயாவிடம், எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்று ஒருமுறை கேளுங்கள்.