பதவி உயர்வும் நீதியின் உயர்வும்

படிப்படியாய் ஏறி உச்சியை அடைந்த பொலிஸ் அதிகாரி எனும் புகழுரை காதுக்கு இனியதே. அவ்வுச்சியில் நின்று சட்டத்தைக் காக்க அவருக்கு இடமளித்தார்களா என்பதே நாம் எழுப்பும் வினா.

பொலிஸ் சேவைக்குள்ளிருந்தே உயர்ந்து, 1955இல் பொலிஸ் மா அதிபரான முதல் இலங்கையர் ஒஸ்மண்ட் டி சில்வா. சட்டத்துக்கு ஒவ்வாதெனத் தாம் கருதிய பிரதமர் பண்டாரநாயக்காவின் விருப்பத்துக்கு அவர் இணங்க மறுத்தார். 1959இல் கட்டாய ஓய்வே பரிசாயிற்று! அவ்விடத்தில் அமர்த்தப்பட்ட அபயக்கோன், பொலிஸ் சேவைக்கு வெளியே இருந்து வந்த சிவில் அதிகாரி.

1982இல் தமிழரான ருத்ரா இராசசிங்கம் அப்பதவியேறினார். மறு ஆண்டு ஜூலையிலேயே தமிழர் இல்லங்கள் எரிந்தன. தனியொருவர் ஏற்றம் ஓர் இனத்துக்குக் காவலாகாது.

வண்ணாத்திவில்லு உழவன் வேண்டுவது தன் மொழியில் எழுதப்படும் முறைப்பாடும், மேலிடத்துக்கு அஞ்சாத அதிகாரியுமே. அதிகாரியின் நாற்காலி ஆட்சியாளர் தயவில் நிற்கும்வரை, ஏழையின் வழக்கு வாசலிலேயே நிற்கும்.