எதுக்கு இந்த டெஸ்ட்?

வீட்டில் கொஞ்சம் இங்கிலிஷ் வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று இருந்தால், அந்தக் குடும்பத்துக்கு அது பாதி டொக்டர். பெரியம்மாவின் பிளட் ரிப்போர்ட் லாப்பில் இருந்து வட்ஸ்அப்பில் வரும். அவா அதை அப்படியே எங்களுக்குத் தட்டிவிடுவா. "பிள்ளை, இதில என்ன போட்டிருக்கு எண்டு ஒருக்காப் பாரன்." நாங்களும் மேலே இருந்து கீழே பார்ப்போம். எந்த இலக்கத்துக்குப் பக்கத்தில் 'எச்' அல்லது 'எல்' நிற்குதோ அதைத் தூக்கி கூகிளில் போடுவோம். மூன்றாவது நிமிஷம் புற்றுநோயில் போய் நிற்போம்.

இங்கிலிஷ் தெரியும் எண்டதற்காக ரிப்போர்ட் விளங்கிவிடாது. வாசிக்க முதல் ஒரு கேள்வி கேட்கோணும்: இந்த டெஸ்ட்டை எதுக்கு எடுத்தது? காய்ச்சல் எண்டோ, களைப்பு எண்டோ, ஏற்கனவே குடிக்கிற மருந்து வேலை செய்யுதோ எண்டு பார்க்கவோ எடுத்திருந்தால் அந்த இலக்கத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கு. "சும்மா எல்லாத்தையும் ஒருக்காப் பார்ப்பம்" எண்டு எடுத்திருந்தால், அதே இலக்கம் அநேகமாகப் பயத்தைத்தான் தரும்.

ரிப்போர்ட்டின் ஒரு ஓரத்தில் 'நோர்மல்' அளவு எண்டு ஒரு வீச்சு போட்டிருப்பார்கள். பெரும்பாலான டெஸ்ட்டுகளில் அது எப்படி வருது தெரியுமா? சுகமாக இருக்கிற நிறையப் பேரிடம் இரத்தம் எடுத்து அளந்து, நடுவில் நிற்கிற 95 சதவீதத்தை 'நோர்மல்' எண்டு வைத்துக்கொள்கிறார்கள். வெளியே நிற்கிற 5 சதவீதமும் சுகமான ஆட்கள்தான். அதாவது ஒரு வருத்தமும் இல்லாத 20 பேரில் ஒருவருக்கு அந்த 'எச்' அல்லது 'எல்' விழும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட்டை ஒரே ஆளுக்கு எடுத்தால், ஒன்றாவது வெளியே போவதற்கு 64 சதவீதம் வாய்ப்பு. ஏ.எல். மெத்ஸ் செய்தவை 0.95ஐ 20 தடவை பெருக்கி, ஒன்றிலிருந்து கழித்துப் பார்க்கலாம்.

இப்ப 'ஃபுல் பொடி செக்கப்' பேக்கேஜுக்கு வருவோம். வருஷப்பிறப்புக்கு ஒரு டிஸ்கவுண்ட், அன்னையர் தினத்துக்கு இன்னொன்று. வெளிநாட்டில் இருக்கிற மகன் அம்மாவுக்கு அதை வாங்கிக் குடுக்கிறார். அந்த அன்பில் எனக்குக் குறை இல்லை. ஆனால் சில பேக்கேஜுகளில் 'கான்சர் மார்க்கர்' எண்டு சேர்த்து விற்கிறதில்தான் எனக்குக் கோபம். சிஏ-125 எண்ட மார்க்கர் மாதவிடாய் நேரத்திலும் கூடும், கருப்பையில் ஃபைப்ரொயிட் கட்டி இருந்தாலும் கூடும். சிஇஏ எண்டது புகைபிடிக்கிறவர்களுக்குச் சும்மாவே கூடி நிற்கும். ஏற்கனவே புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கிற ஆளுக்கு நோய் குறையுதா, திரும்பி வருதா எண்டு பார்க்க இவை உதவும். ஒரு அறிகுறியும் இல்லாத அம்மாவுக்கு எடுத்தால், அடுத்து ஒரு ஸ்கான், அதற்கு அடுத்து இன்னொரு ஸ்கான், நடுவில் நித்திரை இல்லாத இரண்டு மாதம்.

சரியான கேள்வியோடு எடுக்கிற டெஸ்ட் எப்படி இருக்கும் எண்டதுக்கு டெங்குவை எடுங்கோ. 2017இல் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு எண்டு பதிவானது. எங்களுக்குப் புதுசில்லை. ஆனால் எந்த நாளில் எந்த டெஸ்ட் எண்டதில் இப்பவும் குழப்பம். காய்ச்சல் வந்த முதல் சில நாட்களில் கேட்கிற கேள்வி, இது டெங்குவா? அதற்கு என்.எஸ்.1. அது 'நெகட்டிவ்' வந்தாலும் டெங்கு இல்லை எண்டு எழுதித் தர ஏலாது. நாள் பிந்தி எடுத்தால் தவறவிடும் வாய்ப்பும் கூடும். மூன்றாம் நாளில் இருந்து கேள்வி மாறுது: ஆள் ஆபத்தான கட்டத்துக்குப் போறாரா? அதற்கு எஃப்.பி.சி., அதுவும் ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. நாங்கள் எல்லாரும் பிளேட்லெட்டையே பார்த்துக்கொண்டிருப்போம். 150,000க்குக் கீழே இறங்கினால் வீடு முழுக்கப் பப்பாசி இலை தேடும். அதே தாளில் பி.சி.வி. அல்லது ஹெமட்டோகிறிட் எண்டு இன்னொரு வரி இருக்கு. இரத்தக் குழாயில் இருந்து நீர் கசியத் தொடங்கினால் இரத்தம் தடித்து அந்த இலக்கம் ஏறும். பிளேட்லெட் இறங்க இது ஏறுது எண்டால் உடனே ஆஸ்பத்திரி. முக்கியமாக, காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் இது நடக்கிறது. "காய்ச்சல் விட்டிட்டுது, இனி எதுக்கு ரத்தம் எடுக்கிறது?" எண்டு வீட்டில் இருந்துவிடுகிற அந்த நாள்தான் எடுத்தே ஆகவேண்டிய நாள்.

சலரோகத்துக்கும் இதே கதைதான். ஃபாஸ்டிங் சுகர் அந்த ஒரு காலையின் அளவைச் சொல்லும். எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரியைச் சொல்லும். கிளினிக்குக்கு இரண்டு நாள் முதல் இருந்து வெறும் தேத்தண்ணி குடித்து மிஸ்ஸியிடம் நல்ல பெயர் வாங்குகிற மாமாமார் முதலாவதை ஏமாற்றலாம். இரண்டாவது காட்டிக் குடுத்துவிடும். சிறுநீரகத்துக்கு கிரியட்டினின் மட்டும் எடுத்துவிட்டு "எல்லாம் ஓகே" எண்டு நினைக்கிறதும் சரியில்லை. சிறுநீரகத்தின் வேலை பாதியளவு குறையும் வரைக்கும் அது நோர்மலாகவே நிற்கலாம். சலரோகக்காரருக்குச் சலத்தில் அல்புமின் போகுதா எண்டு பார்த்தால் முந்தியே தெரியும். அது சின்ன டெஸ்ட், ஒரு போத்தல் சலம் போதும்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. நான் பார்த்த ரிப்போர்ட் எதிலும் தமிழில் ஒரு வரி கிடையாது. எல்லாவற்றையும் மொழிபெயர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. எஃப்.பி.சி. எஃப்.பி.சி.யாகவே இருக்கட்டும். "எதுக்கு எடுத்தது, இதை யாரிடம் காட்டோணும்" எண்ட இரண்டையும் தமிழில் அச்சடிக்க எவ்வளவு மை போகும்?

இத்தனைக்கும், உண்மையிலேயே எடுக்கவேண்டிய டெஸ்ட்டுகளுக்கு எங்கட ஆட்கள் போறதில்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரமுதலே கண்டுபிடிக்கிற பரிசோதனை 35 வயதுப் பெண்களுக்கு எம்.ஓ.எச். பிரிவுகளில் நடக்கிற சுகவனிதையர் கிளினிக்கில் இலவசம். அறிகுறி இல்லாதவர்களுக்கெண்டே வைத்திருக்கிற டெஸ்ட் அது. பேக்கேஜுக்குக் காசு கட்டுகிற அதே வீட்டில், "அங்க போனால் ஆக்கள் என்ன நினைப்பினம்" எண்டு அது தள்ளிப்போகும்.

எங்கட வயதுக்கு இதைவிட முக்கியமானது தலசீமியா. ஆணும் பெண்ணும் இரண்டு பேரும் காவிகளாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குக் கடும் தலசீமியா வர 25 சதவீத வாய்ப்பு. அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்றோணும். காவிக்கு ஒரு வருத்தமும் தெரியாது, ஓடலாம், விளையாடலாம். முதல் துப்பு எங்கே கிடைக்கும் எண்டால், டெங்குவுக்கு எடுக்கிற அதே எஃப்.பி.சி.யில். எம்.சி.வி. எண்ட வரி 80க்குக் கீழே நிற்கும். இரும்புச்சத்துக் குறைந்தாலும் அப்படி நிற்கும் எண்டதால், பாதிப் பேருக்கு "இரத்தம் காணாது" எண்டு சொல்லி இரும்புக் குளிசை குடுத்துவிடுவார்கள். சிலர் அதை வருஷக்கணக்காக விழுங்குவார்கள். ஃபெரிட்டினும் ஹீமோகுளோபின் வகை பிரிக்கிற டெஸ்ட்டும் எடுத்தால்தான் எது எது எண்டு தெரியும்.

கலியாணம் பேசும்போது குறிப்பைக் குடுத்துப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். அந்தக் கவருக்குள் இரண்டு எஃப்.பி.சி. ரிப்போர்ட்டும் போகலாம். காதலிக்கிறவையும் தப்ப ஏலாது, அவைக்குக் குறிப்பு வேண்டாம், எம்.சி.வி. வேணும். லவ்வரிடம் கேட்க வெட்கமாக இருந்தால், அடுத்த தடவை காய்ச்சலுக்கு எடுத்த ரிப்போர்ட்டை எறியாமல் வைத்து, முதலில் உங்கட வரியைப் பாருங்கோ.