அணு ஓட்டும் கடிகாரம்

"மணி என்ன?"

ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இந்தக் கேள்வியைக் கேட்கிறோம். ஒருவர் கடிகாரம் 8 மணி என்று காட்டும். அடுத்தவர் கடிகாரம் 8 அடித்து 2 நிமிடம் என்று காட்டும். "இரண்டு நிமிடம்தானே!" என்று விட்டுவிடுகிறோம்.

ஆனால், ஒரு வினாடியில் 10 லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் ஆபத்தாக முடியும் இடம் ஒன்று இருக்கிறது. அது, ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக் கோள்!

அணுவின் துடிப்பு

ஊசல் கடிகாரத்தைப் பாருங்கள். கோடை வெயிலில் ஊசலின் தண்டு சிறிது நீளும். ஆட்டம் மெதுவாகும். நேரம் பின்தங்கும்.

அணு தேய்வதில்லை. துருப்பிடிப்பதும் இல்லை. சீசியம் என்று ஓர் உலோகம். அதில் ஓர் அணுவுக்கும் மற்றோர் அணுவுக்கும் வித்தியாசமே கிடையாது. எல்லாம் ஒரே கணக்கில் துடிக்கும்.

1955-ம் ஆண்டில், இங்கிலாந்தில் லூயி எஸ்ஸன், ஜாக் பாரி என்ற இரு விஞ்ஞானிகள் இந்த அணுவைக் கொண்டு கடிகாரம் செய்தார்கள். 1967-ல் உலக நாடுகள் கூடி, சீசியத்தின் துடிப்பு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 ஆனால் ஒரு வினாடி என்று முடிவு செய்தன.

இப்போது அதையும் மிஞ்சிவிட்டார்கள். ஸ்ட்ரான்ஷியம் என்ற உலோகத்தின் அணு, சீசியத்தைப் போல 46 ஆயிரம் மடங்குக்கு மேல் வேகமாகத் துடிக்கிறது. உயரம் கூடினால் கடிகாரம் வேகமாக ஓடும் என்று ஐன்ஸ்டைன் சொன்னார். 2022-ல், அமெரிக்காவில் ஜுன் யே என்ற விஞ்ஞானியின் குழுவினர், ஒரே ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் ஏற்படும் அந்த வித்தியாசத்தைக்கூட அளந்து காட்டினார்கள்!

நமக்கு என்ன?

"இதனால் நமக்கு என்ன லாபம்?" என்று கேட்கலாம்.

அவசர வண்டி ஒன்று நோயாளியின் வீட்டைத் தேடி வருகிறது. டிரைவரின் செல்போன் வழி காட்டுகிறது. வழி சொல்வது யார்? செயற்கைக் கோள்கள்! அவற்றின் ரேடியோ அலை வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டுத்தான் செல்போன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. கடிகாரம் 10 லட்சத்தில் ஒரு பங்கு வினாடி தவறினால், கணக்கு 300 மீட்டர் தவறும். வண்டி வேறு தெருவில் போய் நிற்கும்!

நாம் பட்ட பாடு

இந்தியாவும் "நாவிக்" என்ற பெயரில் வழிகாட்டும் செயற்கைக் கோள்களை அனுப்பியது. முதல் கோள் 2013-ல் பறந்தது. அதில் இருந்த 3 அணுக் கடிகாரங்களும் வெளிநாட்டில் வாங்கியவை. 2016-ல் மூன்றும் கெட்டுவிட்டன. கோள் வானத்தில் இருந்தது. ஆனால் வழிகாட்ட முடியவில்லை. ஆகாயத்தில் ஏறிப் பழுது பார்க்க யாரால் முடியும்?

நம் விஞ்ஞானிகள் சோர்ந்துவிடவில்லை. ஆமதாபாத்தில் ருபீடியம் அணுக் கடிகாரத்தைத் தாங்களே செய்தார்கள். 2023-ம் ஆண்டு மே 29-ந் தேதி, அது ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ராக்கெட்டில் ஏறிச் சென்றது.

இது பாராட்ட வேண்டிய வெற்றி. ஆனால் இதோடு நின்றுவிடக் கூடாது. அதே 2023-ல் மத்திய அரசு, குவாண்டம் ஆராய்ச்சிக்கு 6,003 கோடி ரூபாய் ஒதுக்கியது. அணுக் கடிகாரமும் அந்தத் திட்டத்தில் அடக்கம். அந்தப் பணம் காலதாமதம் இல்லாமல் ஆராய்ச்சிச் சாலைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே வேலை செய்யும் இளைஞர்களுக்கு உதவித் தொகை மாதா மாதம் கிடைக்க வேண்டும்.

1955-ல் அணுவின் துடிப்பை எண்ணியவர்கள், செல்போனை நினைத்து எண்ணவில்லை. அதன் பலனை இன்று நாம் அனுபவிக்கிறோம்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை "அணு என்றால் என்ன?" என்று கேட்டால், "அது உனக்கு எதற்கு?" என்று அடக்காதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். நாளைக்கு நம் நாட்டின் கடிகாரத்தைச் செய்யப் போகிறவன் அவனாக இருக்கலாம், அவளாகவும் இருக்கலாம்!