அனைவருக்கும் திறந்த பக்கம்

மாணவர்களே! கணினி வகுப்பில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். கொண்டு முதல் இணையப்பக்கம் அமைப்போர், வண்ணத்தையும் படத்தையுமே பெரிதாக எண்ணுகின்றனர். "பயிற்சிப் பக்கந்தானே! பார்வையற்றோர்க்கான ஏற்பாடுகளைப் பின்னர்ச் செய்யலாம்" என்பர் சிலர். அக்கருத்து பொருந்தாது என்பதே என் துணிபு.

பார்வையற்றோர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் குரல்வழியே பக்கத்தை அறிகின்றனர். சார்மினார் படத்தை இட்டு, 'ஆல்ட்' என்னும் விளக்கத்தை எழுதாது விட்டால், அப்படம் எதைக் காட்டுகிறது என்பதை அவர்கள் அறியார். தொடக்கக் குறியீட்டில் 'லேங்' என்னுமிடத்தில் தமிழ் எனக் குறிக்காவிடில், அம்மென்பொருள் தமிழை வேற்றுமொழி ஒலியில் வாசிக்கவும் கூடும். தமிழில் எழுதியும் தமிழாய் ஒலிக்காத பக்கத்தால் பயன் யாது?

பக்கத்தின் அகலத்தைப் பெரியதொரு பிக்சல் அளவில் நிலைப்படுத்தினால், கைப்பேசியில் பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்தியே படிக்க நேரும். 'வியூபோர்ட்' குறிப்பை இட்டு, அகலத்தை விழுக்காட்டில் அமைத்தால் பக்கம் திரைக்கேற்ப அடங்கும். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் முதியோர்க்கும் இதுவே துணை.

இது வெறும் இரக்கமன்று, உரிமை. நம் ஐதராபாத்தின் நல்சார் சட்டப் பல்கலைக்கழகம், நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் அணுகல் உரிமை உள்ள நிலையை ஆராய்ந்து உச்ச நீதிமன்றத்திற்கு அறிக்கை அளித்தது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக அமைதல் ஆகாது. கட்டாயமாதல் வேண்டும் என 2024 நவம்பர் 8 அன்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கட்டி முடித்த வீட்டின் வாயிலை அகலப்படுத்துதல் அரிது; கட்டும்போதே அகலமாக வைத்தல் எளிது. ஆதலின், நீங்கள் எழுதும் முதற்பக்கத்திலேயே இவற்றைப் பழகுங்கள்.