112 அடி மனு

"மனுக் குடுத்து என்னத்தக் கண்டோம்?" ஆனைக்குட்டம் பக்கத்துப் பட்டாசு வட்டாரச் சேரிகளில் சங்கம் பற்றிப் பேசப் போகும் தோழர்கள் முன்னால் முதலில் விழும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் நம் வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் நமக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள்.

மக்கள் சங்கம் கூட்டி அரசாங்கத்திடம் நியாயம் கேட்ட கதையைப் பாடப்புத்தகம் 1884இன் சென்னை மகாஜன சபையிலிருந்து தொடங்கும். வக்கீல்களும் பத்திரிகைக்காரர்களும் கூடிய சபை அது. ஏழே வருசத்தில், 1891இல், அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார். அதே ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவிலிருந்து காந்தி திரும்பி வருவதற்கு 24 வருசம் முந்தியே சேரிக்காரன் கூட்டம் போட்டான், தீர்மானம் எழுதினான்!

1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் பண்டிதர் எழுந்து, கோயிலுக்குள் எங்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். உங்களுக்குத்தான் மதுரைவீரனும் காட்டேரியும் இருக்கிறார்களே, சிவனும் விஷ்ணுவும் எதற்கு என்று பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பும் தரிசு நிலமும் கொடுங்கள் என்று திருப்பிக் கேட்டார் பண்டிதர்.

1893இல் சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்றது காங்கிரஸ். இங்கே தேர்வு வைத்தால் சாதி இந்துக்களே கலெக்டராகி உட்காருவார்கள், சாதிக் கொடுமைக்கு அதிகாரமும் சேர்ந்துகொள்ளும் என்றது சீனிவாசனின் சபை. 3412 பேர் கையெழுத்துப் போட்ட 112 அடி நீள மனு லண்டன் பாராளுமன்றத்துக்குப் போனது. வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்தார்கள் என்று இதை ஏசுகிறவர்கள் உண்டு. ஏசட்டும். படிக்கப் பள்ளிக்கூடமே இல்லாத சனம் 112 அடிக்குக் கையெழுத்துச் சேர்த்ததே, அந்த உழைப்புக்குப் பெயர் என்ன?

பொதுத் தெரு, கிணறு, குளம், சந்தை எல்லாம் எல்லாருக்கும் என்று சீனிவாசன் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது 1924இல். சபை தொடங்கி 33 வருசம்! காகிதத்தில் தெரு திறந்தது. ஊரில் திறக்கவில்லை. 1997இல் மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனை வெட்டிச் சாய்த்தவர்கள் அதை நமக்கு மறுபடி சொன்னார்கள்.

ஆக, மனு மட்டும் எதையும் கொடுக்காது. மனுவைச் சுமந்துபோய், திரும்பத் திரும்பக் கேட்கிற சங்கம்தான் கொடுக்கும். தனியாளாப் போனா அது விண்ணப்பம். சங்கமாப் போனா அது கணக்குக் கேட்பது.

நம் வட்டாரத்தில் கேட்கவேண்டிய கணக்கு கொஞ்சமா? 2012இல் முதலிப்பட்டியில் 38 பேர் கருகினார்கள். 2021இல் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். ஒவ்வொரு தடவையும் நிவாரணச் செக், ஆலைக்குச் சீல், விசாரணை, பிறகு மறதி. ஒரு உற்பத்தி அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பது பிணம் எண்ணும்போதுதான் தெரியவேண்டுமா? லைசன்ஸ் யார் பெயரில், ஆலையை உள்குத்தகைக்கு எடுத்து நடத்துவது யார்? வெடிப்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்விகள் இவை.

கேட்க இடம் இருக்கிறது. மே தினத்தன்றும் சுதந்திர தினத்தன்றும் கிராமசபை கூடுகிறது. 2005இலிருந்து தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் கிராமசபை நோட்டில் கையெழுத்து மட்டும் நம்முடையது, தீர்மானம் வேறு யாரோ எழுதியது என்றால், நூறு வருசம் பின்னால் போய் நிற்கிறோம்.

மாணவத் தோழர்களே, லீவுக்கு ஊருக்கு வரும்போது ஒரு நோட்டு வாங்கி வாருங்கள். சேரியைக் கூட்டி, பேசியதை எழுதி, எல்லாருக்கும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்கி அந்த நோட்டிலேயே ஒட்டுங்கள். அடுத்த கூட்டத்தை அந்த ரசீதிலிருந்து தொடங்குங்கள்.