விலகி நடந்தோம்

ஐப்பசி மழையில் நம் ஊர்ச் சாலையில் குழி ஒன்று விழுந்தது. ஞாயிறு திருப்பலிக்குச் சென்ற நாம் அனைவரும் அதைக் கண்டோம், விலகி நடந்தோம். கார்த்திகையில் ஓரிரவு, பால்காரர் ஒருவர் அதில் மிதிவண்டியோடு விழுந்து காலை முறித்துக்கொண்டார். எரிகோ சாலையில் விலகிச் சென்ற குருவையும் லேவியரையும் குறை கூறும் நாம் செய்தது என்ன? கடமையில் தவறியதும் பாவமே எனத் திருப்பலிதோறும் அறிக்கையிடுவோர் அல்லவா நாம்!

குழி தானே ஆறாது. விரிசலில் இறங்கும் நீர் அடித்தளத்தை இளக்க, சக்கரங்கள் மேற்பரப்பைப் பெயர்க்கின்றன.

ஆதலின், சாலை ஊராட்சிக்கு உரியதா, ஒன்றியத்திற்கா, நெடுஞ்சாலைத் துறைக்கா என முதலில் அறிவோம். இடம், அருகிலுள்ள அடையாளம், குழியின் நீளம், அகலம், ஆழம், நாள் ஆகியவற்றைக் குறித்து, பல குடும்பத்தாரும் கையொப்பமிட்டு மனு அளிப்போம். ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்வோம். பயனில்லையெனில், திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியரகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் கூட்டம் உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் கூடும் கிராம சபையும் உண்டு. அங்கே எழுந்து பேசுவோம்.

அதுவரை, சிவப்புத் துணி கட்டிய கம்பு ஒன்றையேனும் குழியருகே நடுவோம். இருளில் வரும் முகமறியா அயலானுக்கு நாம் செய்யும் பிறரன்புப் பணி அது.