வேலையை எந்த மரைக்காலால் அளப்பது?

அளவை என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் வாவிக்கரை ஊர்களில் முதலில் நினைவுக்கு வருவது நெல்தான். மரைக்காலைத் தலைதட்டி அளப்பதா, கூம்பாக விட்டு அளப்பதா என்று களத்துமேட்டில் வாக்குவாதப்பட்ட போடிமாரையும் வயற்காரரையும் மூத்தவர்கள் அறிவார்கள். நெல்லுக்கு மரைக்கால் இருக்கிறது. துணிக்கு யார்க்கோல் இருக்கிறது. மீனுக்குத் தராசு இருக்கிறது. ஒரு மனிதர் காலை முதல் மாலை வரை செய்யும் வேலைக்கு எது அளவை?

சகோதரிகளே, இது முதலாளிமாருக்கு மட்டும் உரிய கேள்வி என்று எண்ணிவிடாதீர்கள். இன்று நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். கடைகளில் கணக்கு எழுதுகிறார்கள். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறார்கள். “இந்தப் பிள்ளைக்கு வேலை ஓடாது” என்று மேற்பார்வையாளர் சொல்லும் ஒரு சொல்லால் கொடுப்பனவு குறைகிறது. சில வேளை வேலையே போய்விடுகிறது. மறுபுறத்தில், வீட்டு வேலைக்கு வரும் ஏழைப் பெண்ணுக்கு நாமே முதலாளி. அளக்கப்படுபவரும் நாம்தான், அளப்பவரும் நாம்தான்.

முதலில் நமக்குப் பழக்கமான கைத்தறியைப் பார்ப்போம். காத்தான்குடியும் மருதமுனையும் கைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர்கள். தறியில் வேலை செய்பவருக்கு நெய்து முடித்த சாறனை எண்ணிக் கூலி கொடுப்பது நேர்மையான வழி போலவே தெரியும். எண்ணிக்கை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் எத்தனை கைகள் இருக்கின்றன? நூலுக்குச் சாயமிட்டவர் ஒருவர், பாவு ஓட்டியவர் இன்னொருவர். வீட்டுத் தறியாக இருந்தால் நூல் சுற்றிக் கொடுப்பது பெரும்பாலும் உம்மாவோ மகளோதான். நூல் தரம் குறைந்திருந்தால் இழை அறுந்து கொண்டே இருக்கும். முடிச்சுப் போடவே பாதி நேரம் போகும். ஆகவே சாறனின் எண்ணிக்கை தறிக்காரரின் உழைப்பை மட்டும் காட்டுவதில்லை. நூலின் தரத்தையும், தறியின் நிலையையும், பெயர் எழுதப்படாத பெண்களின் கையையும் சேர்த்தே காட்டுகிறது. துண்டை எண்ணுவது தவறல்ல. எண்ணிக்கையைக் கொண்டு ஆளைத் தீர்ப்பதற்கு முன்னர் அதற்குள் இருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆடைத் தொழிற்சாலையில் இதே அளவை நிமிடக் கணக்காக மாறியிருக்கிறது. மணிக்கூட்டைக் கையில் வைத்துத் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளக்கும் முறையைப் பரப்பியவர் அமெரிக்கரான ஃபிரெடரிக் டெய்லர். 1911இல் வெளிவந்த அவருடைய நூல் உலகமெங்கும் தொழிற்சாலைகளை மாற்றியது. இன்று தையல் வேலையின் ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை நிமிடம் என்று வகுத்து வைத்திருப்பார்கள். எஸ்.எம்.வீ. என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். மகளுடைய ‘எஃபீஷியன்சி’ இத்தனை வீதம் என்ற கணக்கு இதிலிருந்தே வருகிறது. அதை உம்மாமாரும் விளங்கிக்கொள்வது நல்லது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு துண்டு தைக்க 2 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணித்தியாலம் என்பது 480 நிமிடம். அப்படியானால் 240 துண்டு தைத்தால் நூற்றுக்கு நூறு. உங்கள் மகள் 180 துண்டு தைத்தாள். 180ஐ 2ஆல் பெருக்கினால் 360. அதை 480ஆல் வகுத்தால் வருவது 75 வீதம். “இந்தப் பிள்ளை மெதுவு” என்று எழுதிவிடலாம்.

ஆனால் அன்று மெஷின் பழுதாகி 40 நிமிடம் சும்மா இருந்தாள். முன்னால் இருப்பவரிடமிருந்து துணிக்கட்டு வரவில்லை என்பதால் இன்னொரு 40 நிமிடம் காத்திருந்தாள். அவள் கையில் உண்மையில் இருந்த நேரம் 400 நிமிடம்தான். 360ஐ 400ஆல் வகுத்துப் பாருங்கள், 90 வீதம். அதே பிள்ளை, அதே நாள், அதே 180 துண்டுதான். காத்திருந்த நேரத்தைக் கழித்தார்களா இல்லையா என்பதில் 15 வீதம் ஏறி இறங்குகிறது. ஆகவே வேலைக்குப் போகும் பிள்ளைக்கு நான் சொல்வது, மெஷின் நின்ற நேரத்தையும் துணி வராத நேரத்தையும் அன்றன்றே ஒரு கொப்பியில் குறித்து வை என்பதுதான். சண்டைக்கு அல்ல, மாத முடிவில் யாராவது கேட்டால் நினைவிலிருந்து பேசாமல் கொப்பியைக் காட்டிப் பேசலாம்.

பால் கொடுக்கும் தாய்மாருக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். நம் நாட்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இல் வந்தது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய்க்கு ஒன்பது மணித்தியாலத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை அது தருகிறது. வேலைத்தலத்தில் பிள்ளைப் பராமரிப்பு இடம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையக்கூடாது. இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு இடைவேளை இதில் சேராது. இரண்டு மணித்தியாலம் கிடைக்கும் தாய்க்கு 480இல் 120ஐக் கழித்தால் மீதம் 360 நிமிடம். அவள் 180 துண்டு தைத்தால் அது நூற்றுக்கு நூறு. அவளுடைய வேலையையும் 480 நிமிடத்தால் வகுத்தால், சட்டம் ஒரு கையால் கொடுத்ததை அளவை மறுகையால் பறித்துக்கொள்கிறது என்றே ஆகும்.

ஜப்பானியத் தொழில்துறைக்குத் தர முகாமைத்துவம் கற்பித்தவர்களில் ஒருவரான எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கர் இதை மணிகளைக் கொண்டு விளக்குவார். ஒரு பெட்டியில் வெள்ளை மணிகளும், ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு மணிகளும் கலந்திருக்கும். ஐம்பது குழியுள்ள பலகையை அதில் அமிழ்த்தி எடுக்க வேண்டும். சிவப்பு மணி வந்தால் குற்றம். சிலருக்குக் குறைவாக வரும், சிலருக்குக் கூடுதலாக வரும். மேற்பார்வையாளர் ஒருவரைப் புகழ்வார், ஒருவரை ஏசுவார், ஒருவரை வேலையைவிட்டு நிறுத்துவார். எடுத்தவரின் கையில் ஒன்றுமே இல்லை. சிவப்பு மணி பெட்டிக்குள்ளேயே இருந்தது! ஆளைக் குறை சொல்வதற்கு முன் பெட்டியைத் திறந்து பார் என்பதே பாடம்.

அதற்காக எல்லாக் குறைக்கும் சூழ்நிலையே காரணம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. நம் வயல் வட்டைகளில் தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்க வட்டை விதானை இருக்கிறார். அவர் எத்தனை தரம் வாய்க்கால் வரம்பில் நடந்தார் என்று யாரும் எண்ணுவதில்லை. கடைசி வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்றுதான் கேட்பார்கள். குளத்தில் தண்ணீரே இல்லாத போகத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். குளம் நிறைந்திருந்தும் மேல்வயல்காரர் மட்டும் பாய்ச்சிக் கீழ்வயல் காய்ந்தால் அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். வேலையின் நோக்கம் என்ன, அவருடைய கைக்குள் இருந்தது எது, இல்லாதது எது என்ற மூன்றையும் படிப்பறிவில்லாத விவசாயியும் பிரித்து அறிந்திருக்கிறார்.

வேலைக்கு ஆளைத் தேர்வதுபற்றி அல்குர்ஆன் சொல்லும் ஒரு சம்பவம் சூரா கஸஸில் இருக்கிறது. மத்யனில் மூஸா (அலை) அவர்களைக் கூலிக்கு அமர்த்தும்படி தந்தைக்கு ஆலோசனை சொன்னவர் ஒரு பெண். வலிமை, நம்பிக்கை என்ற இரண்டு தகுதிகளை அவர் எடுத்துச் சொன்னார். கால்நடைகளுக்குத் தண்ணீர் புகட்டிக் கொடுத்ததை நேரில் கண்டபின் சொன்ன மதிப்பீடு அது. தந்தையும் எட்டு வருடம், விரும்பினால் பத்து வருடம் என்று தவணையை முன்கூட்டியே பேசினார். கஷ்டம் கொடுக்க விரும்பவில்லை என்றும் தெளிவுபடுத்தினார். கண்டதைக் கொண்டு மதிப்பிடுவதும், நிபந்தனையை முதலிலேயே சொல்வதும் அதில் நமக்கு இருக்கும் முன்மாதிரி. அளந்து வாங்கும்போது நிறைத்து வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவரைக் கண்டிக்கும் சூராவும் நாம் அறிந்ததே. முழு வேலை வாங்கிக் குறைந்த கூலி கொடுப்பவருக்கும், முழுக் கூலி வாங்கி அரை வேலை செய்பவருக்கும் அது பொருந்தும்.

நமது குர்ஆன் மத்ரஸாக்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முஅல்லிமாவை அளக்க, “இந்த வருடம் எத்தனை பிள்ளைகள் ஓதி முடித்தார்கள்?” என்று கேட்பது வழக்கம். எண்ணிக்கை மட்டும் கேட்கப்பட்டால் பிள்ளைகளை ஓட்டி முடிப்பதே நடக்கும். மக்ரஜ் பிழையோடு பிள்ளை ‘ஹதம்’ செய்துவிடும். சிரமப்படும் பிள்ளையை யாரும் தம் வகுப்பில் சேர்க்க விரும்பமாட்டார்கள். எதை எண்ணுகிறோமோ அதுவே வளரும், எண்ணாதது வாடிப்போகும். ஆரம்பத்தில் பிள்ளை எந்த நிலையில் வந்தது, இப்போது எங்கே நிற்கிறது என்று கேட்டால் முஅல்லிமாவின் உழைப்புத் தெரியும்.

வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருக்கும் சகோதரிகள் நான்கு விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, இன்ன இன்ன வேலை, இத்தனை மணிவரை, இவ்வளவு கூலி என்று முதல் நாளே சொல்லுங்கள். இரண்டாவது, குறையைக் கண்ட அன்றே தனியாகச் சொல்லுங்கள்; மாதம் முழுக்கச் சேர்த்து வைத்துச் சம்பள நாளில் கொட்டாதீர்கள். மூன்றாவது, செய்ய வேண்டிய முறையை ஒரு தடவையாவது காட்டிக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். நான்காவது, நன்றாகச் செய்ததையும் வாய் திறந்து சொல்லுங்கள்.

வேலைக்குப் போகும் பிள்ளைகள் சட்டத்தையும் சிறிது அறிந்திருக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதமும் கட்ட வேண்டும். துண்டுக் கணக்கில் கூலி பெறுபவருக்கும் சேமலாப நிதி உண்டு. தேசிய ஆகக்குறைந்த சம்பளத்தை 2016இன் 3ஆம் இலக்கச் சட்டம் நிர்ணயித்தது; அதன் தொகை பின்னர் திருத்தங்களால் உயர்த்தப்பட்டிருக்கிறது. 1971இன் 45ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும் இடங்களில், ஒழுக்காற்றுக் காரணம் அல்லாமல் ஒருவரை நிறுத்துவதற்கு அவருடைய எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ தேவை. “வேலை போதாது” என்ற வாய்ச்சொல் மட்டும் போதாது. சந்தேகம் இருந்தால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேட்கலாம்.

இந்த மாதம் மகள் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்ததும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடாதீர்கள். பக்கத்தில் இருத்தி, எந்தக் கொடுப்பனவு எதற்காகக் குறைந்தது, எத்தனை நிமிடம் காத்திருந்தாய், யாராவது உனக்கு வேலையைக் காட்டித் தந்தார்களா என்று கேளுங்கள். அதற்குப் பிறகு, உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்ணைப் பற்றியும் அதே கேள்விகளை உங்களிடமே கேட்டுப் பாருங்கள்.